புதுப்புனைவும் கைத்திறனும்: மிர்சாப்பூர்ப் பாத்திர வழக்கின் வரலாறு

விழா நாட்களில் நம் இல்லங்களில் வெளியே வரும் பித்தளைத் தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் நடுவே ஒரு சிறு புள்ளியும், அதனைச் சூழ்ந்து நீர்வளையம்போல் விரிந்து செல்லும் மெல்லிய கோடுகளும் தென்படும். அவை அழகுக்காக இடப்பட்டவை அல்ல. அத்தாம்பாளம் கடைசல் இயந்திரத்தில் ஏறிச் சுழன்று, உளிமுனையில் மேனி தேய்ந்து வந்தமைக்கு அவை சான்று. சுழலும் பொறியில் ஒரு தட்டைப் பறந்து விழாதபடி எவ்வாறு பிடித்து நிறுத்துவது? இச்சிறு கேள்வி, ஒரு காலத்தில் இரு வணிக நிறுவனங்களிடையே பெரும் வழக்காக மூண்டு, கால் நூற்றாண்டு நடந்து, 1978-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவு கண்டது. பொறிகளைப் பற்றிய காப்புரிமை வழக்குகளில் வழக்கறிஞர்கள் இன்றும் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடுகின்றனர்.

வழக்கறிஞர்களுக்குரிய பொருளை ஆண்டு மலரில் எழுதுவது ஏன் என அன்பர்கள் வினவலாம். மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பணிமனையையும் பட்டறையையும் நம்பி வாழ்வன பல. அசோகபுரத்து ரயில்வே பணிமனையாயினும், ஊரைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளாயினும், அங்கே அன்றாடம் ஏதேனும் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் பிடிப்பானைத் திருத்துவார். மற்றொருவர் ஆணி இருக்கும் இடத்தை மாற்றுவார். பத்து நிமிட வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். அம்மாற்றம் ஒருவருக்கே உரிய புதுப்புனைவா, தொழிலறிந்த எவருக்கும் தோன்றக்கூடிய கைத்திறனா? இதனைப் பொறுத்தே ஒருவர் பெறும் உரிமையும், அவர் அண்டையில் பட்டறை வைத்திருப்பவரது பிழைப்பும் அமைகின்றன. ஆகவே இஃது நமக்கும் உரிய பொருளே.

காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. புதியதொன்றைப் புனைந்தவர் அதன் நுட்பத்தை ஒளிக்காமல் உலகறிய எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை பிறர் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது எனத் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு வழங்குகிறது. காலம் கழிந்ததும் அந்நுட்பம் ஊர்ப் பொதுவாகிறது. நம் நாட்டில் இதற்கென முதற்சட்டம் 1856-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அவ்வாண்டே கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரெட் டிபென்னிங் என்னும் பொறியாளர், பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றிற்குத் தனியுரிமை வேண்டி விண்ணப்பித்தார். வெயில் மிகுந்த நாட்டில் துரைமார்களுக்குக் காற்று வீசும் பொறியே இந்தியக் காப்புரிமை வரலாற்றின் முதல் ஏடாக அமைந்தது. பின்னர்ச் சட்டங்கள் பல மாறி, 1911-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைகள், வடிவமைப்புகள் சட்டம் வந்தது. நாம் கூறவிருக்கும் வழக்கு அச்சட்டத்தின்கீழ் எழுந்ததாகும்.

கங்கைக் கரையிலுள்ள மிர்சாப்பூர், நம் கும்பகோணத்தைப் போலவே, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் கூட்டு நிறுவனம் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்களைச் செய்து வந்தது. பாத்திரத்தை லேத்தில் ஏற்றிச் சுரண்டி மெருகிடும்போது, அது பிடியிலிருந்து விடுபட்டுப் பறந்துவிடும் அபாயம் பழைய முறையில் இருந்தது. விரைந்து சுழலும் தட்டு பறந்தால் யார்மீது பாயும் என்று சொல்ல இயலாது. இவ்வபாயத்தை நீக்கி, வேலையில் விரைவும் மெருகும் கூடும்படி ஒரு முறையைத் தாம் கண்டதாக அந்நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவரான புருஷோத்தம் தாஸ் 1951-ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். 1951 டிசம்பர் 13 முதல் செல்லத்தக்கதாக, 1953 மே மாதத்தில் காப்புரிமை வழங்கப்பெற்றது. அதன் ஆயுள் 16 ஆண்டுகள்.

அதே ஊரில் பாத்திரத் தொழில் செய்துவந்த மற்றொரு நிறுவனம் பிஸ்வநாத் பிரசாத் ராதே சியாம். அவர்களும் இதே முறையைக் கையாளுகின்றனர் என அறிந்த காப்புரிமையாளர் முதலில் அறிவிப்புக் கொடுத்தார். பின்னர், 1953-இல், தடையாணையும் இழப்பீடும் வேண்டி வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பார் வாளா இருக்கவில்லை. “இது புதியதும் அன்று, புனைவும் அன்று; லேத்துப் பட்டறைகளில் பல்லாண்டுகளாய் வழங்கிவரும் முறையே; எனவே காப்புரிமையையே நீக்க வேண்டும்” எனத் தாமும் மனுச் செய்தனர்.

இங்கே லேத்தின் அமைப்பைச் சற்று நினைவிற்கொள்ளல் நலம். அதன் இடப்புறத்தே ஹெட் ஸ்டாக் என்னும் தலைத்தாங்கி உண்டு. சுழற்சியைத் தருவது அதுவே. வலப்புறத்தே டெயில் ஸ்டாக் என்னும் வால்தாங்கி உண்டு. அதன் கூரிய முனை, கடையப்படும் பொருளை மறுபக்கத்திலிருந்து தாங்கி நிற்கும். புருஷோத்தம் தாஸ் கூறிய முறையில், பாத்திரத்தின் வடிவிற்கேற்ற ஏந்தி ஒன்று தலைத்தாங்கியில் பொருத்தப்பெறும். பாத்திரம் அதில் அமர, வால்தாங்கியின் முனை எதிர்ப்புறத்தே அழுத்திப் பிடிக்கும். இரு கைகளுக்கிடையே ஒரு பொருளை அழுத்திப் பிடிப்பதனோடு இதனை ஒப்பிடலாம். இம்முறையால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நன்மை உண்டு என்பது வேறு; புனைவு உண்டு என்பது வேறு. வழக்கின் உயிர்நாடி இவ்வேறுபாட்டிலேயே இருந்தது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, இதில் புதுமையும் இல்லை, புனைவுப் படியும் இல்லை எனக் கண்டு காப்புரிமையை நீக்கினார். மேல்முறையீட்டில் அமர்வு அதனை மாற்றிக் காப்புரிமை செல்லும் என்றது. ஒரே பொறி, ஒரே சான்றுகள், இருவேறு தீர்ப்புகள்! அதன்பின் வழக்கு தில்லி சென்றது. 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. தலைத்தாங்கி, ஏந்தி, வால்தாங்கி ஆகிய மூன்றும் பழையன. பொருளை இடையில் வைத்து அழுத்திப் பிடிக்கும் நெறியும் பழையது. அதனைச் சிறிது மாற்றிப் பாத்திரத் தொழிலிற் பயன்படுத்தியது பட்டறைத் திருத்தமே ஆகும் என அத்தீர்ப்பு முடிவு கூறியது. தனி நீதிபதியின் தீர்ப்பு மீண்டும் நிலைபெற்றது.

இத்தீர்ப்பு நிலைநாட்டிய நெறிகள் மூன்றினை நாம் மனத்திற் கொள்ளலாம்.

முதலாவது, பழைய உறுப்புகளைச் சேர்த்தது என்பதனாலேயே ஒன்று புனைவாகாமற் போவதில்லை. சேர்த்தது என்பதனாலேயே புனைவாகியும் விடாது. சேர்க்கையிலிருந்து புதியதொரு விளைவோ, முன்னையினும் சிறந்த பொருளோ, குறைந்த செலவோ பிறக்க வேண்டும். அதற்குத் தொழிலறிவுக்கு மேற்பட்ட ஒரு சிந்தனைத் துளியேனும் செலவாகியிருக்க வேண்டும். பருப்பையும் அரிசியையும் அருகருகே வைத்தல் சேர்க்கை. பொங்கலாக்குதல் புனைவு எனத் தாய்மார்களுக்கு விளங்கும்படி கூறலாம்.

இரண்டாவது, ஒன்று வெளிப்படையானதா என்பதை யார் கண்கொண்டு பார்ப்பது என்பதாகும். பாமரர்க்கு எல்லாப் பொறியும் வியப்பே. மேதைக்கு எதுவும் எளிதே. ஆதலின் இவ்விருவரும் அளவுகோலாகார். அத்தொழிலிலே தேர்ந்த ஒருவரை நீதிமன்றம் கற்பனை செய்துகொள்கிறது. கருவியை இயக்க மட்டும் அறிந்தவரினும் அவர் மேம்பட்டவர். தொழிலின் பொது அறிவு முழுவதும் உடையவர். விண்ணப்ப நாளன்று, புனைந்தவரது விடையை அறியாதவராய், அதே சிக்கலை அவர் எதிர்கொண்டிருந்தால், அன்று கைக்கெட்டிய நூல்களையும் கருவிகளையும் கண்டு “எனக்கு வேண்டியது இதுவே” எனத் தாமே கூறியிருப்பாரா? ஆம் எனில், அஃது வெளிப்படையானது.

மூன்றாவது, அரசு முத்திரையிட்டுக் கொடுத்த காப்புரிமையாயினும் அதன் செல்லுபடிக்கு அரசு பொறுப்பன்று. அலுவலகம் ஆராய்ந்தே கொடுக்கிறது. ஆயினும் எதிர்ப்போர் நீதிமன்றத்தில் அதனை அசைத்துப் பார்க்கலாம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலும் இக்கருத்து எழுதப்பெற்றுள்ளது.

கைத்திறனையும் புனைவையும் பிரிக்கும் இம்முயற்சி உலகெங்கும் நடந்ததே. 1851-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவுக் குமிழ் வழக்கு ஒன்றை விசாரித்தது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்ததற்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். குமிழும் பழையது, அதனைக் கம்பியிற் பொருத்தும் முறையும் பழையது. பொருளை மாற்றியது நல்ல தொழிலாளியின் வேலையே தவிரப் புனைவாளர் வேலை அன்று என அம்மன்றம் கூறிற்று. சாதாரணத் தொழிலாளியின் திறம் என்னும் அளவுகோல் அன்றே தோன்றிவிட்டது.

எனினும் மறுபக்கத்தையும் காண்பது முறை. நம் ரயில் பாதைகளின் ஓரத்தே முள்கம்பி வேலியைக் காணாதார் இலர். கம்பியில் முள் பதிக்கும் முயற்சி பலராலும் செய்யப்பட்டு வந்ததே. கிளிடன் என்னும் அமெரிக்க விவசாயி 1874-இல் பெற்ற காப்புரிமையில் கண்ட வேறுபாடு மிகச் சிறியது: சுருண்ட முள்ளை ஒரு கம்பியில் ஏற்றி, மற்றொரு கம்பியை அதனோடு முறுக்கி முள்ளை நகராமற் செய்தார். இவ்வளவே. ஆயினும் 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைப் புனைவென ஏற்றது. பலர் முயன்று தோற்ற இடத்தில், கடைசி அடியை எடுத்து வைத்து வெற்றி கண்டவர்க்கே பரிசு உரியது என்பது அதன் கருத்து. ஆகவே மாற்றம் சிறியதாயிருத்தல் குற்றமன்று. நெடுநாள் தேவை இருந்தும் தொழிலறிந்தோர் ஒருவர்க்கும் தோன்றவில்லை என்பதே, அது வெளிப்படையானதன்று என்பதற்கு நல்ல சான்று.

இங்கே நீதிபதிகளைச் சறுக்கவைக்கும் ஓரிடம் உண்டு. அது பின்புத்தி. நம் குழந்தைகள் விடுகதை போடும்போது விடை தெரியாமல் விழிக்கிறோம், விடையைச் சொன்னதும் “இவ்வளவுதானா!” என்கிறோம். விடையறிந்தபின் எந்த விடுகதையும் எளிதே. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லாண்டு கழித்து, “இதில் என்ன இருக்கிறது?” எனக் கேட்பது புனைந்தவருக்குச் செய்யும் அநீதி. அதனால்தான் 1985-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாய்மரப் பலகை பற்றிய வழக்கில், படிப்படியாய் ஆராயும் முறையொன்றை வகுத்தது: முதலிற் புனைவின் கருவை அறிதல், அடுத்து அந்நாளைய தொழிலாளியின் பொது அறிவை அறிதல், பின்னர் வேற்றுமையைக் குறித்தல், இறுதியாக, புனைவை அறியாதவர்க்கு அவ்வேற்றுமை வெளிப்படையா எனக் கேட்டல். இவ்வழக்கில் ஒரு சுவை உண்டு. 1958-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெய்லிங் தீவில் தானே செய்து ஓட்டிய பாய்ப்பலகை சான்றாக வந்தது. பெரியோர் பெற்ற காப்புரிமை அதன்முன் நிற்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றமும் 2015-இல் ஒரு மருந்து வழக்கில் இத்தகைய படிகளையே வகுத்து, பின்புத்தியை விலக்க வேண்டும் என வற்புறுத்தியது.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் பங்கில்லாமல் இல்லை. விடுதலைக்குப் பின், 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டுத் தொழிலுக்கு ஏற்றதா என ஆராயும் பொறுப்பை ஏற்றவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாய் இருந்த என். இராஜகோபால ஐயங்கார். அவர் 1959-இல் அளித்த விரிவான அறிக்கையே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்கு அடிகோலியது. அச்சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘புனைவுப் படி’ என்பதற்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இலக்கணம் கூறியது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விரித்தது. முன்னுள்ள அறிவினும் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ இரண்டுமோ இருத்தல் வேண்டும். அத்துடன் தொழிலறிந்தார்க்கு வெளிப்படையாய் இல்லாதிருத்தலும் வேண்டும் என்பது இன்றைய இலக்கணம். காப்புரிமையின் ஆயுள் இன்று விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

சென்னையிலும் ஒரு பெரும் பொறி வழக்கு நிகழ்ந்தது. பஜாஜ் நிறுவனம் சிறு மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரண்டு தீப்பொறிச் செருகிகளை அமைத்ததற்கு, 2002-ஆம் ஆண்டு விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றிருந்தது. 2007-இல் டி.வி.எஸ். நிறுவனம் ‘பிளேம்’ என்னும் வண்டியை அறிவித்ததும் வழக்கு மூண்டது. இரட்டைச் செருகி உலகிற்குப் புதிதன்று. ஹோண்டா நிறுவனத்தின் பழைய காப்புரிமை ஒன்றிலேயே உள்ளது என்றது டி.வி.எஸ். தரப்பு. சிறிய உருளை எஞ்சினில், எரிபொருள் குறைந்த கலவையில் இதனை அமைத்ததே எம் புனைவு என்றது பஜாஜ் தரப்பு. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துத் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதத்தில் அமர்வு அத்தடையை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், யார் பக்கம் நியாயம் என்பதிற் புகாமல், வழக்கை விரைந்து முடிக்குமாறு கூறி, விற்பனைக் கணக்கை மட்டும் ஒழுங்காக வைக்கப் பணித்தது. இறுதியில் 2019-இல் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். நஞ்சன்கூடு சாலையில் டி.வி.எஸ். தொழிற்சாலையைக் கடந்து செல்லும் நம்மவர்க்கு, ஒரு சிறு செருகியின் பின்னே எத்துணை நீண்ட வழக்கு இருந்தது என்பது வியப்பளிக்கும்.

மிர்சாப்பூர் வழக்கிற்கு மீள்வோம். காப்புரிமையின் ஆயுள் 1951 டிசம்பர் 13-இல் தொடங்கியது. 16 ஆண்டுகள் 1967-இல் முடிந்துவிட்டன. உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியதோ 1978 டிசம்பர் 13. சரியாக இருபத்தேழு ஆண்டுகள்! உரிமை செல்லும் எனத் தீர்ப்பு வந்திருந்தாலும், தடுப்பதற்குரிய காலம் முடிந்து பதினோராண்டு ஆகியிருந்தது. செல்லாது எனத் தீர்ப்பு வந்ததால் எதிர்த்தரப்பார்க்கு மானம் மீண்டது; பறிபோன மன அமைதி மீளுமா? பெரிய நிறுவனங்கள் இத்தகைய நெடும்போரைத் தாங்கும். மூன்று லேத்து வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறை தாங்குமா? நீதி சரியாயிருப்பது போலவே விரைந்து வருவதும் நீதியின் பகுதியே என நாம் கருதுகிறோம்.

எனினும் தீர்ப்பின் முடிவு நமக்கு உவப்பானதே. பட்டறையின் பொதுச் சொத்து என ஒன்றுண்டு. ஆசானிடமிருந்து மாணவன் கண்டு பழகியது. ஒருவர் திருத்த மற்றொருவர் மேலும் திருத்தியது. பெயரில்லாத பல கைகள் சேர்த்து வைத்தது. அச்சொத்தை ஒருவர் தம் பெயரில் எழுதிக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பின், நாளை ஒரு கடைசல்காரர் தம் தந்தை செய்த வேலையையே செய்வதற்கு அயலாரிடம் அனுமதி கேட்க நேரும். அதே சமயம், உண்மையாகவே ஒருவர் இரவு பகலாய்ச் சிந்தித்துக் கண்ட சிறு மாற்றத்தை “இதில் என்ன இருக்கிறது?” எனத் தள்ளிவிட்டால், சிந்திப்போர் குறைந்துபோவர். இவ்விரு தவறுகளுக்கும் இடையே துலாக்கோல் போல் நிற்பதே புனைவுப் படி என்னும் நெறி.

நம் குடியிருப்பின் இளைஞர்களுக்கு ஒரு சொல். பணிமனையிலோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ புதிதாய் ஒன்று தோன்றினால், தேதியிட்டு எழுதி, படம் வரைந்து வையுங்கள். ஊரறியக் காட்டுமுன் ஆலோசனை பெறுங்கள். காட்டிவிட்ட பொருளுக்குப் புதுமை கோருவது கடினம். சென்னையிலேயே காப்புரிமை அலுவலகம் உண்டு. பழைய காப்புரிமை ஏடுகளை இக்காலத்தில் எவரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம். அத்தேடலே ஒரு கல்வி. பின்னர் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பக்கத்து லேத்தில் நிற்கும் அனுபவசாலிக்கு, என்னுடைய விடையைச் சொல்லாமல் என்னுடைய சிக்கலை மட்டும் சொன்னால், அவர் இதனையே செய்வாரா?” செய்வார் எனில், அவரோடு பகிர்ந்து மகிழுங்கள், அது கைத்திறன், அதுவும் பெருமையே. செய்யமாட்டார் எனில், துணிந்து விண்ணப்பியுங்கள். அது உங்கள் புனைவு.

கைத்திறன் பலரதாய்ப் பெருகட்டும். புதுப்புனைவு அதற்குரியாரைச் சேரட்டும். வளர்க தொழில்! வாழ்க தமிழ்!